காவல்துறைப் பயிற்சியிலும் பொதுமக்கள் முன்னிலையிலும் துப்பாக்கி: விபத்து எங்கே தொடங்குகிறது?

கேள்வி: துப்பாக்கியைக் கையாள்வதையே தொழிலாகக் கொண்ட காவலர்கள் பயிற்சியின்போதும் பொதுமக்களுக்குச் செய்து காட்டும்போதும் எப்படி ஆளைச் சுட்டுவிடுகிறார்கள்? எங்கள் பள்ளியில் ஆயுதப்படையினரின் ஆயுதக் கண்காட்சி ஒன்றை நடத்த ஏற்பாடு செய்கிறோம். நாங்கள் எதையெல்லாம் உறுதிசெய்துகொள்ள வேண்டும்?

பதில்: முதல் பகுதிக்கான விடையைச் சுருக்கமாக முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இத்தகைய விபத்துகளில் பெரும்பாலானவை, துப்பாக்கியை நன்றாக அறிந்த ஒருவர், இதில் குண்டு இல்லை என்றோ இது பயிற்சித் துப்பாக்கி என்றோ முழு மனத்தோடு நம்பி விசையை அழுத்துவதால் நேர்கின்றன. அந்த நம்பிக்கை எவ்வளவு அனுபவம் உள்ளவரையும் ஏமாற்றக்கூடியது. சொல்லப்போனால் அனுபவம் கூடக்கூட அது இன்னும் உறுதியாகிறது. ஆகவே, "கவனமாக இருங்கள்" என்று எச்சரிப்பதோடு பாதுகாப்பு முடிந்துவிடாது. ஒருவருடைய நம்பிக்கை பொய்த்துப்போனாலும் யாரும் சாகாதபடி இடத்தையும் கருவியையும் முறையையும் முன்கூட்டியே அமைத்து வைப்பதைத்தான் நான் பாதுகாப்பு என்று சொல்வேன். நடந்த சில சம்பவங்களைப் பார்த்தால் இது விளங்கும்.

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில் பன்ட்டா கோர்டா என்ற சிறு நகரம் இருக்கிறது. 2016 ஆகஸ்ட் 9 அன்று மாலை, அந்நகரக் காவல்துறையின் பணிகளைப் பொதுமக்களுக்கு அறிமுகப்படுத்தும் நிகழ்ச்சியொன்று காவல் நிலையத்தில் நடந்தது. 35 பேர் கலந்துகொண்டார்கள். ஆபத்தான சூழலில் சுடுவதா வேண்டாமா என்று ஒரு காவலர் நொடிப்பொழுதில் முடிவெடுக்க வேண்டியிருப்பதை அவர்கள் உணர்வதற்காக ஒரு நடிப்புக் காட்சி ஏற்பாடு செய்யப்பட்டிருந்தது. பார்வையாளர்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட 73 வயதான ஓய்வுபெற்ற நூலகர் ஒருவர் காவலராக நடித்தார். உண்மையான காவலர் ஒருவர் குற்றவாளியாக நடித்தார். அந்தக் காவலரின் கையில் இருந்ததோ நிஜமான .38 ரிவால்வர். அதில் சத்தம் மட்டும் எழுப்பும் வெற்றுத் தோட்டாக்கள் இருப்பதாக அவர் நம்பினார். அவர் சுட்டார், அந்த மூதாட்டி கீழே விழுந்தார். அவருடைய கணவரும் அந்தக் கூட்டத்தில் இருந்தார். மருத்துவமனைக்குக் கொண்டு சென்றும் அந்த மூதாட்டியைக் காப்பாற்ற முடியவில்லை.

இந்தச் சம்பவத்தில் நான் மிகவும் முக்கியமாகக் கருதுவது அந்தத் தோட்டாவின் வடிவத்தைத்தான். சாதாரணத் தோட்டாவைப் பக்கவாட்டில் பார்த்தால் பித்தளைக் கூட்டின் வாயிலிருந்து ஈயக் குண்டின் முனை வெளியே நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பார்த்தாலே இது நிஜத் தோட்டா என்று தெரிந்துவிடும். அன்று ரிவால்வரில் இருந்தவை வாட்கட்டர் எனப்படும் வகையைச் சேர்ந்தவை. காகித இலக்கில் துல்லியமான வட்டத் துளை விழ வேண்டும் என்பதற்காகவே தயாரிக்கப்படும் இந்தத் தோட்டாவில் குண்டின் தலை தட்டையாக இருக்கும். அது கூட்டின் விளிம்போடு சமமாக உள்ளே அமுங்கியும் இருக்கும். முனை என்று வெளியே எதுவும் தெரியாது. வெற்றுத் தோட்டாவுக்கும் முனை கிடையாது. மங்கிய வெளிச்சத்தில், நிகழ்ச்சி தொடங்கப்போகும் அவசரத்தில், "இது வெற்றுத் தோட்டாதான்" என்ற எண்ணத்தோடு பார்க்கும் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தெரியும். தோட்டாவை எடுத்தவரும் நிரப்பியவரும் சரிபார்க்க வேண்டியவரும் சுட்டவரும் ஒரே ஆளாக இருந்ததுதான் அங்கே நடந்த பெரும் பிழை. வேறொருவர் அந்தப் பெட்டியை வாங்கி, ஒரு தோட்டாவைக் கையில் எடுத்து, அதன் வாயில் ஈயம் இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்திருந்தால் அந்த உயிர் போயிருக்காது.

அதைவிட அடிப்படையான கேள்வி ஒன்றும் இருக்கிறது. சுடுவது போல் நடித்துக் காட்டுவதற்கு நிஜத் தோட்டாவை ஏற்றுக்கொள்ளும் நிஜத் துப்பாக்கி எதற்கு? ரப்பராலோ பிளாஸ்டிக்காலோ செய்த உருவத் துப்பாக்கியே அந்த நோக்கத்திற்குப் போதும். பிறகு அந்தக் காவலர் வேலையிலிருந்து நீக்கப்பட்டு, வழக்கில் 10 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பில் வைக்கப்பட்டார். மேற்பார்வை செய்யத் தவறியதாகக் குற்றஞ்சாட்டப்பட்ட காவல்துறைத் தலைவரை 2017இல் நடுவர் குழு விடுவித்தது. நகர நிர்வாகம் குடும்பத்துக்கு 20 லட்சம் டாலருக்கும் மேல் இழப்பீடு கொடுத்தது. தனிப்பட்ட முறையில் யார் எவ்வளவு குற்றவாளி என்று நீதிமன்றம் எடைபோட்டது சரியா தவறா என்ற விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால், ஒரு ஏற்பாட்டை வகுத்து அதற்கு ஒப்புதல் தரும் அதிகாரி, அந்த ஏற்பாட்டில் உள்ள ஓட்டைக்கும் பொறுப்பேற்கத்தான் வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பொதுமக்கள் இல்லாத, பயிற்சியில் இருப்போர் மட்டுமே இருந்த இடங்களிலும் இதே கதைதான். 2013 பிப்ரவரியில் அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில், ஓவிங்ஸ் மில்ஸ் என்ற இடத்தில் மூடிக்கிடந்த ஓர் அரசு நிறுவன வளாகத்தில் பால்டிமோர் காவல்துறையின் பயிற்சி நடந்தது. பயிற்சி ஆசிரியரிடம், பட்ட இடத்தில் சாயத்தை மட்டும் பூசும் சாயக் குண்டு சுடும் பயிற்சித் துப்பாக்கியும் இருந்தது, நிஜமான பணித் துப்பாக்கியும் இருந்தது. கதவுக்கும் சன்னலுக்கும் நேரே நிற்பது எவ்வளவு ஆபத்து என்பதைப் பயிற்சி பெறுபவர்களுக்குப் புரியவைக்க, கண்ணாடி வழியாகச் சாயக் குண்டால் சுட நினைத்தார். ஆனால் எடுத்ததோ பணித் துப்பாக்கி. குண்டு ஒரு பயிற்சிக் காவலரின் தலையைத் தாக்கியது. அவர் உயிர் பிழைத்தாலும் ஒரு கண்ணை இழந்தார். கதவருகே நிற்காதே என்று கற்பிக்க வந்த ஆசிரியரின் கையாலேயே அது நடந்தது என்பதுதான் வேதனை.

வாஷிங்டன் நகரில் 2022 ஆகஸ்ட் 4 அன்று நடந்தது இதைவிட வருத்தத்துக்குரியது. அனகோஸ்டியா பகுதியிலுள்ள பொது நூலகம் ஒன்றில் நூலகப் பாதுகாப்புப் பிரிவினருக்கு வகுப்பு நடந்தது. கற்பிக்கப்பட்டது துப்பாக்கியே அல்ல. நீளும் தடியை எப்படிப் பயன்படுத்துவது என்பதுதான் பாடம். வகுப்பு முடியும் தறுவாயில், ஓய்வுபெற்ற காவல் அதிகாரியான பயிற்சியாளர், பயிற்சித் துப்பாக்கி என்று நினைத்துத் தன் நிஜத் துப்பாக்கியை எடுத்துச் சுட்டார். 25 வயதுப் பெண் ஒருவர் இறந்துபோனார். குற்றத்தை ஒப்புக்கொண்ட அவருக்கு 2023இல் 3 ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. தடிப் பயிற்சி நடக்கும் அறைக்குள் நிரப்பிய துப்பாக்கி எப்படி வந்தது என்று யாரும் கேட்கவில்லை. காரணம், அவர் ஆசிரியர். ஆசிரியரைச் சோதிப்பது மரியாதைக் குறைவு என்று நினைக்கும் வழக்கம் நம் ஊரிலும் இருக்கிறது. சோதனை அவரிடமிருந்துதான் தொடங்க வேண்டும். பயிற்சித் தலைவர் வாசலில் நின்று, எல்லோருக்கும் முன்னால், தன் இடுப்பையும் கணுக்காலையும் பையையும் வேறொருவர் தடவிப் பார்க்க அனுமதிக்கும்போது, அவருக்குக் கீழே இருக்கும் எவரும் அதை அவமானமாக எடுத்துக்கொள்ள மாட்டார்.

இவற்றிலிருந்து வரும் முதல் விதி இதுதான்: நடிப்புப் பயிற்சியோ செய்முறையோ நடக்கும் இடத்துக்குள் நிஜத் தோட்டா ஒன்றுகூட இருக்கக்கூடாது, அதைச் சுடக்கூடிய துப்பாக்கியும் இருக்கக்கூடாது. இதை நடைமுறையில் கொண்டுவர, அந்த இடத்துக்கு ஒரே ஒரு நுழைவாயில் வைத்து, அதில் பாதுகாப்பு அலுவலர் ஒருவரை நிறுத்த வேண்டும். அவருக்குப் பயிற்சி கற்பிக்கும் வேலையும் இருக்கக்கூடாது, நடிக்கும் வேலையும் இருக்கக்கூடாது. உள்ளே வரும் ஒவ்வொருவரும் முதலில் தம்மைத் தாமே சோதித்துக்கொள்ள வேண்டும். பிறகு சக காவலர் சோதிக்க வேண்டும். அதன் பிறகு பாதுகாப்பு அலுவலர் சோதிக்க வேண்டும். சிறுநீர் கழிக்கவோ தேநீர் குடிக்கவோ வெளியே போய்த் திரும்பினால் மூன்று சோதனையும் மறுபடி முதலிலிருந்து நடக்க வேண்டும். பல இடங்களில் இந்த முறை சிதைந்துபோவது இடைவேளையில்தான். காலையில் ஒழுங்காகச் சோதித்திருப்பார்கள். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு, ஏற்கெனவே பார்த்தவர்தானே என்று விட்டுவிடுவார்கள். ஆயுதம் ஏந்திப் பாதுகாப்புக்கு நிற்கும் காவலர் தேவையென்றால், அவர் வேலிக்கு வெளியே நிற்க வேண்டும், பயிற்சியில் அவருக்கு எந்தப் பங்கும் இருக்கக்கூடாது.

பயிற்சித் துப்பாக்கிகளுக்கு நீலம், சிவப்பு போன்ற நிறங்கள் கொடுப்பதும் இதற்காகத்தான். விசையோ துளையோ இல்லாத அச்சு வார்ப்புத் துப்பாக்கி பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும்; அதை எவரும் நிஜம் என்று எடுத்துவிட முடியாது. சாயக் குண்டு சுடுவதற்கு, நிஜத் தோட்டா உள்ளே நுழையவே முடியாதபடி குழல் மாற்றப்பட்ட துப்பாக்கிகள் இருக்கின்றன. நிறத்தைவிட அந்த அமைப்பைத்தான் நான் பெரிதாக மதிக்கிறேன். உறையில் இருக்கும் துப்பாக்கியின் கைப்பிடி மட்டுமே வெளியே தெரியும்போது நிறம் கண்ணில் படாது. கைப்பிடியின் பிடிப்பு ஒரே மாதிரி இருந்தால் கைக்கும் வேறுபாடு தெரியாது.

வெற்றுத் தோட்டாவைப் பற்றி ஒரு தவறான எண்ணம் பரவலாக இருக்கிறது. அதில் குண்டு இல்லை, சத்தம் மட்டும்தான், ஆபத்து ஏதும் இல்லை என்று பலர் நினைக்கிறார்கள். அதில் வெடிமருந்து இருக்கிறது. மருந்து சிந்தாமல் இருக்க அடைப்பும் இருக்கிறது. சுட்டதும் குழல் வாயிலிருந்து கொதிக்கும் வாயுவும் அந்த அடைப்பின் துணுக்குகளும் பெரும் வேகத்தோடு வெளிவரும். 1984இல் அமெரிக்க நடிகர் ஜான் எரிக் ஹெக்ஸம், படப்பிடிப்பு இடைவேளையில் வெற்றுத் தோட்டா நிரப்பிய ரிவால்வரை விளையாட்டாகத் தன் நெற்றிப்பொட்டில் வைத்து விசையை அழுத்தினார். வாயுவின் அழுத்தம் மண்டை ஓட்டை உடைத்து எலும்புத் துண்டை மூளைக்குள் செலுத்தியது. சில நாட்களில் அவர் இறந்துபோனார். 1993இல் நடிகர் பிராண்டன் லீ இறந்தது வேறொரு வழியில்: முன்பே குழலுக்குள் சிக்கிக்கொண்டிருந்த ஒரு குண்டு, பின்னால் நிரப்பிய வெற்றுத் தோட்டாவின் வெடிப்பு வேகத்தால் வெளியே பாய்ந்தது. அதனால்தான், வெற்றுத் தோட்டாவை நிரப்புவதற்கு முன் ஒவ்வொரு முறையும் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்து, மறுமுனை வரை தடையில்லாமல் இருக்கிறதா என்று உறுதிசெய்ய வேண்டும் என்கிறோம். வெற்றுத் தோட்டாவாக இருந்தாலும் மனிதரை நேராகக் குறிவைக்கக்கூடாது. பக்கவாட்டில் விலக்கிச் சுட்டாலும் பார்வையாளருக்கு வேறுபாடு தெரியாது.

வெடிக்காத தோட்டா என்பது தனிச் சிக்கல். 2019 ஆகஸ்டில் பீகாரின் முன்னாள் முதலமைச்சர் ஜகந்நாத் மிஸ்ராவின் இறுதிச் சடங்கில், அரசு மரியாதைக்காக உயர்த்தப்பட்ட 22 துப்பாக்கிகளில் ஒன்றுகூட வெடிக்கவில்லை. செய்திகளில் அது காவல்துறைக்கு நேர்ந்த சங்கடமாக மட்டுமே பேசப்பட்டது. எனக்கோ அதில் பட்டது வேறு. விசையை அழுத்தியும் வெடிக்காத துப்பாக்கி, நிரப்பிய துப்பாக்கி. தோட்டாவின் மருந்து தாமதமாகப் பற்றி எந்த நொடியிலும் வெடிக்கலாம். குழலைப் பாதுகாப்பான திசையில் வைத்தபடியே குறைந்தது 30 நொடி அசையாமல் காத்திருந்து, பிறகே தோட்டாவை வெளியே எடுக்க வேண்டும். ஒரு தலைவரின் உடலைச் சுற்றி ஆயிரக்கணக்கானோர் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில், என்ன ஆயிற்று என்று துப்பாக்கியைத் திருப்பிப் பார்க்கும் ஒருவர் எவ்வளவு பேரின் உயிரோடு விளையாடுகிறார் என்பதை எண்ணிப் பாருங்கள்.

இனி, பொதுமக்களுக்கு ஆயுதத்தைக் காட்டும் நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். 2004 ஏப்ரலில் ஃபுளோரிடாவின் ஆர்லாண்டோ நகரில் சிறுவர்களும் பெற்றோரும் கூடியிருந்த கூட்டத்தில், அமெரிக்கப் போதைப்பொருள் தடுப்பு முகமையின் அலுவலர் ஒருவர் துப்பாக்கிப் பாதுகாப்பைப் பற்றிப் பேசினார். துப்பாக்கி காலியாக இருப்பதாகக் காட்டிவிட்டு, இந்த அறையில் இதைக் கையாளும் தேர்ச்சி பெற்றவர் தாம் ஒருவரே என்ற பொருளில் சொல்லிக்கொண்டிருந்தபோதே அது வெடித்துக் குண்டு அவருடைய காலிலேயே பாய்ந்தது. குழல் தரையை நோக்கி இருந்ததால்தான் எதிரில் இருந்த பிள்ளைகளில் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. துப்பாக்கி காலி என்பதில் அவர் தவறினாலும், குழலின் திசையில் தவறவில்லை. அந்த ஒன்று பல உயிர்களைக் காத்தது. ஜெஃப் கூப்பர் என்ற அமெரிக்கப் பயிற்சியாளர் வகுத்து, இன்று உலகெங்கும் கற்பிக்கப்படும் நான்கு விதிகள், ஒன்று பொய்த்தால் இன்னொன்று காக்கும்படியாகத்தான் அமைந்திருக்கின்றன: எந்தத் துப்பாக்கியையும் நிரப்பியதாகவே கருத வேண்டும், அழிக்க விரும்பாத எதன்மீதும் குழலைத் திருப்பக்கூடாது, குறி இலக்கில் படியும் வரை விரல் விசையைத் தொடக்கூடாது, இலக்கு எது, அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். ஒரு மனிதருக்குத் தீங்கு நேர வேண்டுமானால் பெரும்பாலும் இவற்றில் இரண்டையாவது ஒரே நேரத்தில் மீறியிருக்க வேண்டும்.

நம் நாட்டில் 2023 டிசம்பர் 8 அன்று உத்தரப் பிரதேசத்தின் அலிகர் நகரக் காவல் நிலையத்தில் நடந்ததைப் பலர் காணொளியில் பார்த்திருப்பீர்கள். கடவுச்சீட்டுச் சரிபார்ப்புக்காக வந்த ஒரு பெண்மணி மேசைக்கு அப்பால் நின்றுகொண்டிருக்கிறார். ஒரு காவலர் கைத்துப்பாக்கியைக் கொண்டுவந்து உதவி ஆய்வாளரிடம் கொடுக்கிறார். அவர் அதை வாங்கிக் கையாளுகிறார், உடனே வெடிக்கிறது. தலையில் குண்டு பாய்ந்த அந்தப் பெண்மணி சில நாட்களுக்குப் பின் மருத்துவமனையில் இறந்தார். இது பயிற்சியோ கண்காட்சியோ அல்ல. ஆனாலும் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குத் துப்பாக்கி மாறும் அந்தக் கணம் எல்லாக் கண்காட்சிகளிலும் வருவதால் இங்கே சொல்கிறேன். கொடுப்பவர், தோட்டாக்களை அடுக்கி வைக்கும் மேகசினை எடுத்து, பின்பகுதியைத் திறந்து நிறுத்தி, உள்ளே காலி என்று காட்டித்தான் கொடுக்க வேண்டும். வாங்குபவரும், அவர் காட்டியதைப் பார்த்த பிறகும், தாமே ஒருமுறை பார்க்க வேண்டும். மூடிய நிலையில் நீட்டப்படும் துப்பாக்கியை வாங்க மறுப்பது வாங்குபவரின் உரிமை. அதைக் கடமை என்றே சொல்லலாம்.

காலி செய்வதிலும் வரிசை முக்கியம். முதலில் மேகசினைக் கழற்ற வேண்டும். அதன் பிறகுதான் மேல்பகுதியைப் பின்னுக்கு இழுத்து, குழலின் அடியில் இருக்கும் தோட்டாவை வெளியேற்ற வேண்டும். இந்த வரிசையை மாற்றி, முதலில் பின்னுக்கு இழுத்து ஒரு தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு அதன் பின்னர் மேகசினைக் கழற்றினால், முன்னே போகும் மேல்பகுதி மேகசினிலிருந்து அடுத்த தோட்டாவைக் குழலுக்குள் தள்ளியிருக்கும். செய்தவரின் கண்முன்னே ஒரு தோட்டா துள்ளி விழுந்தது, மேகசினும் கையில் இருக்கிறது; துப்பாக்கி காலி என்று அவர் சத்தியமே செய்வார். ஆனால் உள்ளே ஒன்று இருக்கிறது. இதற்கு மேல், கிளாக் போன்ற சில கைத்துப்பாக்கிகளைச் சுத்தம் செய்யப் பிரிக்கும்போது விசையை அழுத்தித்தான் ஆக வேண்டும். மேலே சொன்ன பிழையோடு இதுவும் சேர்ந்தால் விளைவு என்னவென்று சொல்லத் தேவையில்லை. ஆகவே மேல்பகுதியைத் திறந்து நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை உள்ளே விட்டுத் தொட்டும் பார்ப்பது நல்ல பழக்கம். இருட்டில் கண் ஏமாறலாம், விரல் ஏமாறாது. இவையெல்லாம் மணல் மூட்டைகளையோ மணல் நிரப்பிய பீப்பாயையோ நோக்கிக் குழலை வைத்தபடி நடக்க வேண்டும். அதற்கான இடத்தை ஆயுதக் கிடங்கின் வாசலிலேயே அமைப்பது பெரிய செலவுள்ள வேலை அல்ல.

இதுவரை சொன்னதெல்லாம் துப்பாக்கி காலி என்ற நம்பிக்கையைப் பற்றியது. துப்பாக்கிச் சுடும் தளத்தில், இலக்குக்குப் பின்னால் ஆளில்லை என்ற நம்பிக்கை அதே அளவு ஆபத்தானது. தமிழ்நாட்டுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. 2021 டிசம்பர் 30 அன்று புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில் தன் தாத்தா வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்த 11 வயதுச் சிறுவனின் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. அருகிலுள்ள பசுமலைப்பட்டியில் இருக்கும் சுடுதளத்தில் அன்று மத்தியத் தொழிற் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தார்கள். தஞ்சாவூர் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் அறுவை சிகிச்சை செய்தும் பலனின்றி 2022 ஜனவரி 3 அன்று அந்தப் பிள்ளை இறந்துபோனான். அரசு 10 லட்சம் ரூபாய் நிதி அறிவித்தது, தளம் மூடப்பட்டது. வீட்டுக்குள் உட்கார்ந்து சோறு தின்ற குழந்தை எந்தப் பாதுகாப்பு விதியை மீறியது? இந்தச் சம்பவத்தை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் ஆறுவதில்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தால் இது எப்படி நேர முடியும் என்பது தெரியும். 100 மீட்டர் தொலைவிலுள்ள இலக்கைச் சுடுபவரின் குழல், விசையை இழுக்கும் நொடியில் 5 டிகிரி மட்டும் மேலே எழும்பினால் போதும்; இலக்கு இருக்கும் இடத்தைக் குண்டு கடக்கும்போது ஏறத்தாழ 8.7 மீட்டர் கூடுதல் உயரத்தில், அதாவது இரண்டு மாடி வீட்டின் உயரத்துக்கும் மேலே சென்றுகொண்டிருக்கும். இலக்குக்குப் பின்னால் உள்ள மண்மேடு அதைவிடத் தாழ்வாக இருந்தால் குண்டை நிறுத்த அங்கே எதுவும் இல்லை. பழைய .303 துப்பாக்கியின் குண்டே 3 கிலோமீட்டருக்கு மேல் போகக்கூடியது, தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்ளும் எஸ்.எல்.ஆர். துப்பாக்கியின் 7.62 மி.மீ. குண்டும் குறைந்ததல்ல. இலக்கைத் துல்லியமாக அடிக்கக்கூடிய தூரத்தையும் குண்டு போய்ச் சேரக்கூடிய தூரத்தையும் பலர் குழப்பிக்கொள்கிறார்கள். 300 மீட்டர் வரைதான் பயன்படும் என்று சொல்லப்படும் துப்பாக்கி, அதைப்போல் பல மடங்கு தொலைவில் உள்ள ஓர் ஆளைக் கொல்லும்.

தளத்துக்குப் பின்னால் குன்று இருந்தால் கவலையில்லை என்றும் நினைக்கிறார்கள். புதுக்கோட்டைப் பக்கத்துக் குன்றுகள் வெறும் பாறை. மண்ணில் குத்தினால் குண்டு புதைந்துவிடும். கருங்கல்லில் சாய்வாகப் பட்டால் தெறித்துத் திசை மாறிப் பறக்கும், எங்கே போய் விழும் என்று ஒருவராலும் சொல்ல முடியாது. ஆகவே பாறைக்கு முன்னால் கல் கலக்காத மண்ணைக் கொட்டி உயர்த்த வேண்டும். பழைய குண்டுகள் குவிந்து மேடு இறுகிப்போகாமல் அவ்வப்போது சலித்து எடுக்க வேண்டும். சுடும் இடத்துக்கு மேலே, எழும்பும் குழலிலிருந்து போகும் குண்டைத் தடுக்கும் தடுப்புகளை அமைக்க வேண்டும். ஆபத்துப் பகுதி எது என்பதைத் துப்பாக்கியின் வகைக்கு ஏற்ப வரைபடத்தில் குறித்து, அதற்குள் வீடோ வயலோ ஆடு மேய்க்கும் நிலமோ இருக்கிறதா என்று ஆண்டுதோறும் நேரில் போய்ப் பார்க்க வேண்டும். நாற்பது ஆண்டுகளுக்கு முன் காடாக இருந்த இடம் இன்று ஊராகியிருக்கும். கைத்துப்பாக்கிக்காக அனுமதிக்கப்பட்ட தளத்தில் நெடுந்தூரத் துப்பாக்கியைப் பயன்படுத்துவதும் நடக்கிறது. அது அனுமதியே இல்லாத தளத்தில் சுடுவதற்குச் சமம். நார்த்தாமலைச் சம்பவத்துக்குச் சில வாரங்களுக்குள்ளாகவே பெரம்பலூர் மாவட்டத்தில் ஒரு சுடுதளத்தை ஒட்டிய ஊரில் வீட்டுக் கூரையிலிருந்து தோட்டா எடுக்கப்பட்ட செய்தியும் வந்தது. ஆகவே ஒரு தளத்தை மூடுவதால் மட்டும் இது தீர்ந்துவிடாது.

தளத்தில் நடைமுறையைப் பொறுத்தவரை நம் படைகளில் பழைய, நல்ல வழக்கங்கள் இருக்கின்றன. சுடுவதற்கு முன் சிவப்புக் கொடி ஏற்றுவது, சுற்றியுள்ள ஊர்களுக்கு முன்னறிவிப்புக் கொடுப்பது, கொடுத்த தோட்டாவுக்குக் கணக்காகக் காலிக் கூடுகளைத் திரும்ப எண்ணி வாங்குவது, கலைவதற்கு முன் என்னிடம் தோட்டாவோ காலிக் கூடோ இல்லை என்று ஒவ்வொருவரும் உறுதி கூறுவது எல்லாம் அர்த்தமுள்ளவை. இவற்றைச் சடங்காக முணுமுணுக்கும்போதுதான் ஆபத்து. நான் கூடுதலாக வலியுறுத்துவது ஒன்று: சுடுவதை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் தளத்தில் இருக்கும் கடைசிக் காவலர் வரைக்கும் இருக்க வேண்டும். ஒரு புதுக் காவலர் "நிறுத்துங்கள்" என்று கத்தினால், வரிசையில் கண்காணிப்பாளரே நின்றாலும் அவரும் விரலை எடுத்துவிட வேண்டும். கத்தியது தேவையற்றதாக இருந்தாலும் அந்தக் காவலரைத் திட்டக்கூடாது. ஒருமுறை திட்டினால் மறுமுறை யாரும் கத்த மாட்டார்கள்.

சட்டத்தைப் பற்றிச் சிறிதளவு: 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 106ஆவது பிரிவு, கவனக்குறைவால் மரணம் விளைவிப்பதற்கு 5 ஆண்டு வரை சிறை விதிக்க இடமளிக்கிறது, பழைய தண்டனைச் சட்டத்தின் 304-ஏ பிரிவில் இது 2 ஆண்டாக இருந்தது. தண்டனை கூடியதில் தவறில்லை. ஆனால் உயிர் போகாமல் தப்பிய சம்பவங்கள், அதாவது தரையில் பாய்ந்த குண்டும் சுவரில் பட்ட குண்டும், தண்டனைக்குப் பயந்து மறைக்கப்படுமானால், அடுத்த மரணத்தைத் தடுக்கும் தகவலை நாமே புதைத்துவிடுகிறோம் என்பதையும் அதிகாரிகள் யோசிக்க வேண்டும்.

இனி உங்கள் பள்ளிக்கு. அனுமதி கேட்டு எழுதும் கடிதத்திலேயே சிலவற்றை நிபந்தனையாகக் குறிப்பிடுங்கள். காவல்துறையினர் இதைத் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள், பொறுப்புள்ள அதிகாரி மகிழவே செய்வார். கண்காட்சிக்கு வரும் வாகனத்தில் சுடக்கூடிய எந்த வகைத் தோட்டாவும் வரக்கூடாது. மாதிரிக்கு வைக்கும் தோட்டாக்கள் மருந்து நீக்கப்பட்டு, பக்கவாட்டில் துளையிடப்பட்டவையாக இருக்க வேண்டும். நெடுந்துப்பாக்கிகளில் தோட்டாவைக் குழலுக்குள் தள்ளிப் பின்பக்கத்தை மூடும் போல்ட்டைக் கழற்றி ஆயுதக் கிடங்கிலேயே விட்டுவரச் சொல்லுங்கள். போல்ட் இல்லாத துப்பாக்கி சுடாது என்பதைப் பத்து வயதுப் பிள்ளையும் பார்த்தே தெரிந்துகொள்ளும். பாதுகாப்புப் பணிக்கு வரும் ஆயுதமேந்திய காவலர் மேசைக்குப் பக்கத்தில் நிற்காமல் வாசலில் நிற்கட்டும். மேசையில் துப்பாக்கிகள் சுவரை நோக்கியே இருக்க வேண்டும். பிள்ளைகள் நிற்கும் பக்கம் குழல் திரும்பக்கூடாது. மேசைக்கும் பிள்ளைகளுக்கும் நடுவே கயிறு கட்டி, தொட்டுப் பார்க்க விரும்புபவர்களை ஒருவர் பின் ஒருவராக, காவலர் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் அனுப்புங்கள்.

கைபேசியில் படம் எடுப்பதைப் பற்றிக் கண்டிப்பாக இருங்கள். பிள்ளைகள் துப்பாக்கியை வாங்கியதும் முதலில் செய்வது நண்பனைக் குறிவைத்துப் படம் எடுப்பதுதான். விசையில் விரலை வைப்பதும் அதே நொடியில்தான். துப்பாக்கி காலியாக இருந்தாலும், ஆளை நோக்கி நீட்டி விசையை இழுப்பது விளையாட்டு என்ற பாடத்தை அன்று அவர்கள் கற்றுக்கொண்டு போகக்கூடாது. நிகழ்ச்சியை ஒரு மாணவர் தலைமையேற்று நடத்தினாலும், ஆயுதங்களுக்குப் பொறுப்பான அதிகாரியின் பெயரும் கைபேசி எண்ணும் தலைமையாசிரியரிடம் எழுத்தில் இருக்கட்டும். 108 ஆம்புலன்ஸ் எந்த வழியாக உள்ளே வரும் என்று முன்கூட்டியே பார்த்து, அந்த வாயிலில் வாகனங்களை நிறுத்தாமல் காலியாக வையுங்கள். இரத்தப்போக்கை நிறுத்தத் தெரிந்த ஒருவர் மேசைக்கு அருகிலேயே இருக்கட்டும்.

வெற்றுத் தோட்டா சுட்டுக் காட்டலாமா என்று அவர்களே கேட்டால், வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பள்ளி வளாகத்தில் அதனால் பிள்ளைகள் கற்றுக்கொள்ள எதுவும் இல்லை. மேலே சொன்ன நிபந்தனைகளில் ஏதாவது ஒன்றை ஏற்க முடியாது என்று பதில் வந்தால், துப்பாக்கி மேசையை மட்டும் நீக்கிவிட்டு, மோப்ப நாய்ப் பிரிவையும் கைரேகைப் பிரிவையும் வெடிகுண்டு செயலிழப்புப் பிரிவின் உடைகளையும் வைத்து நிகழ்ச்சியை நடத்துங்கள்.